உம் கொட்ட இடம் விட்ட புத்தகங்கள்



முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் பாடம் நடத்தியே பணிக்காலம் முழுவதையும் கழித்த ஓர் ஆசிரியையின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. பெரிய வகுப்புக்கு மாற்றித் தருகிறோம் என்றபோதெல்லாம் அவர் மறுத்துவிட்டாராம். அதைக் கேட்ட பிறகுதான் இந்தப் பொருளைப் பேசலாம் என்று முடிவு செய்தேன். சிறு குழந்தைகள் தாமாக விரும்பிப் படிக்கும் புத்தகங்கள், பிறர் படித்துக்காட்டக் கேட்டு மகிழும் புத்தகங்கள். 'குழந்தைகள் படிக்க வேண்டிய புத்தகங்கள்' என்பது வேறு தலைப்பு. அதற்கான பட்டியல் இந்த அரங்கில் ஆளுக்கொன்று இருக்கும், என்னிடம் இல்லை.

நான் ஆய்வுப் பட்டம் பெற்றவள் அல்ல. நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி, முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள். ஒரு புத்தகம் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு இருந்த சான்றுகள் மிகச் சாதாரணமானவை. கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு அவற்றில் ஒன்று. ஆனால் குழந்தைகள் பிரிவில் அதை முழுவதும் நம்பக் கூடாது. அப்பா தேர்ந்தெடுத்த தலைவர் வரலாற்றிலும் பொது அறிவுத் துளிகளிலும் முத்திரைகள் வரிசையாக விழுந்திருக்கும். புத்தகம் மட்டும் போனது போலவே திரும்பி வந்திருக்கும். பிள்ளை அடம்பிடித்து எடுத்துப்போனது வேறு கோலத்தில் வரும். நடுப்பின் கழன்றிருக்கும். எண்ணெய் விரல் பதிந்திருக்கும். இன்னொன்றும் கவனித்தேன். எல்லாப் பக்கங்களின் மூலையும் ஒரே மாதிரி நைந்திருக்காது. கதையில் ஏதோ நடக்கப்போகிறது என்ற இடத்துக்கு முந்தைய பக்கத்தின் கீழ் மூலைதான் துணிபோல் ஆகியிருக்கும். திருப்புவதற்கு முன்பே அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த விரல்களின் வேலை அது.

நான் பணியாற்றிய இடங்களுள் ஒன்றில் குழந்தைப் புத்தகங்கள் மட்டும் கண்ணாடி பீரோவில் பூட்டப்பட்டிருந்தன. கிழிந்தால் இருப்புச் சரிபார்ப்பின்போது யார் பதில் சொல்வது என்ற பயம். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதலாவதே புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான். அதை வகுப்பில் மனப்பாடம் செய்து தேர்வெழுதி வந்த நாங்கள்தான் சாவியை மேசை இழுப்பறையில் வைத்திருந்தோம். சரி, அது போகட்டும்.

நம் வீடுகளில் கதை சொல்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கேட்பவர் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். அந்த 'உம்' ஒரே ஒலி என்று நினைக்காதீர்கள். நீட்டினால் 'அப்புறம்?' என்று பொருள். வெட்டினால் 'இதெல்லாம் தெரியும், சீக்கிரம் போ.' தொண்டைக்குள்ளேயே அடங்கினால் பயம் வந்துவிட்டது. கதை சொல்லும் பாட்டி இந்த ஒலியைக் கேட்டுக் கேட்டுத்தான் பூதத்தைப் பனைமரத்துக்கு வளர்க்கிறாள். குழந்தை மிரண்டால் அதே பூதத்தைச் சுண்டைக்காய் அளவுக்குச் சுருக்கிவிடுகிறாள். கதையில் பாதியைச் சொல்பவரும் மீதியைக் கேட்பவரும் செய்கிறார்கள்.

அச்சடித்த புத்தகத்துக்குக் காது கிடையாது. குழந்தை என்ன சொன்னாலும் அடுத்த வரி ஏற்கெனவே அடித்து வைத்ததுதான். ஆனாலும் நைந்துபோகும் அளவுக்குப் பிள்ளைகள் புரட்டிய புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். எழுதியவரோ வரைந்தவரோ அந்த 'உம்'முக்கு எங்கேயோ இடம் ஒதுக்கியிருப்பார். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி நேரத்தை உதாரணங்களில் செலவிடுகிறேன்.

ஈக்குத் தன் பெயரே மறந்துபோன கதையை எடுத்துக்கொள்வோம். உங்களில் பாதிப்பேர் பாட்டாகவே கேட்டிருப்பீர்கள். ஈ ஒரு கன்றுக்குட்டியிடம் போய்த் தன் பெயர் என்னவென்று கேட்கிறது. எனக்குத் தெரியாது, என் அம்மாவைக் கேள் என்கிறது கன்று. பசு தன்னை மேய்ப்பவனைக் காட்டுகிறது, மேய்ப்பவன் தன் கைக்கோலை, கோல் தான் இருந்த மரத்தை, மரம் தன்மேல் உட்கார்ந்த கொக்கை, கொக்கு தான் நீராடும் குளத்தை, குளம் மீனை, மீன் வலைஞனை. ஊருக்கு ஊர் இந்தச் சங்கிலி கொஞ்சம் மாறும். கடைசியில் புல் தின்னும் குதிரையிடம் போய் நிற்கும்; குதிரை கனைக்கும்; அந்தக் கனைப்பிலேயே ஈயின் பெயர் இருக்கும்.

இதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஈ முன்பு கேட்டவர்கள் அனைவரையும் வரிசையாகச் சொல்லியாக வேண்டும். மூன்றாவது ஆளிடம் சுலபம். எட்டாவது ஆளிடம் சொல்பவருக்கே மூச்சு வாங்கும். பிள்ளை அப்போது சும்மா இருப்பதில்லை. உதடு கூடவே அசையும். அசதியில் ஒரு கண்ணியை விட்டுவிட்டால் போதும், "கொக்க விட்டுட்டீங்க!" என்று பிடித்துவிடும். நானும் வேண்டுமென்றே கொக்கை விட்டிருக்கிறேன். இன்னொன்று: ஈக்கு மறந்த பெயர் கேட்கிற குழந்தைக்கு முதல் வரியிலேயே தெரியும். கன்றுக்கும் பசுவுக்கும் வளர்ந்த ஆளான மேய்ப்பனுக்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்ற நிலை மூன்று வயதுக்காரருக்கு வேறெங்கும் வாய்ப்பதில்லை. வீட்டில் அவர்தான் எப்போதும் தெரியாதவர்.

இந்தக் கதையை அச்சிட்ட தொகுப்பு ஒன்றைப் பார்த்தேன். இரண்டு பக்கத்துக்குமேல் சங்கிலியைத் தொடராமல், ஈ மற்றவர்களிடமும் இவ்வாறே கேட்டது என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். பக்கத்தை மிச்சப்படுத்தினார்கள், கதையை மிச்சம் வைக்கவில்லை. பெரியவர்களுக்குத் திரும்பச் சொல்வது அலுப்பு. குழந்தைக்கு அதுதான் விளையாட்டின் விதி. ரஷ்யர்களின் கிழங்கு பிடுங்கும் கதையிலும் இதே கட்டுமானம்தான். தாத்தா இழுக்க, பாட்டி தாத்தாவை இழுக்க, பேத்தி, நாய், பூனை என்று நீண்டு, கடைசியில் ஓர் எலி வந்து கைகொடுத்ததும் கிழங்கு வெளியே வருகிறது. நடிக்கச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் கேட்பது எலி வேடம்.

ரஷ்யா என்றதும் கொர்னேய் சுக்கோவ்ஸ்கி நினைவுக்கு வருகிறார். குழந்தைகளுக்காக ஏராளமாகப் பாடல் எழுதியவர், கூடவே அவர்கள் பேச்சைப் பல்லாண்டு குறித்துவைத்து 'இரண்டிலிருந்து ஐந்து வரை' என்று ஒரு புத்தகமும் எழுதினார். சோவியத் நாட்டில் 1920-களில் தேவதைக் கதையும் தலைகீழ்ப் பாட்டும் பிள்ளைகளின் அறிவைக் குழப்பும் என்று சில கல்வியாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். சுக்கோவ்ஸ்கியின் பதில் நூலகத்தில் நின்று பார்த்த எனக்கு முற்றிலும் சரி என்று படுகிறது. பூனை குரைத்தது, நாய் மியாவ் என்றது என்று சொன்னால் குழந்தை குழம்பிப்போய்ச் சிரிப்பதில்லை. எது குரைக்கும் எது மியாவ் சொல்லும் என்பது அதற்கு நன்றாகத் தெரிந்த பிறகுதான் சிரிக்கிறது. சரியானதில் உறுதி வந்த பிறகே தப்பு வேடிக்கையாகும். பூனையைப் பற்றிய பாடத்தை ஒப்பித்துக் காட்டுவதைவிட இந்தச் சிரிப்பு உறுதியான தேர்வு முடிவு.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு வந்தால், 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய 'அம்புலிமாமா'வைச் சொல்லாமல் தமிழில் இந்தப் பேச்சைப் பேச முடியாது. அக்கா படிக்க, தம்பி கவிழ்ந்து படுத்துப் படம் பார்க்க, அப்படித்தான் அது பல வீடுகளில் வாசிக்கப்பட்டது. அதில் வேதாளக் கதைதான் உச்சம். தோளில் பிணத்தைச் சுமந்து, வாளேந்தி நடக்கும் விக்கிரமனின் அந்தப் படம், 1952-இல் அங்கே சேர்ந்த ஓவியர் சங்கர் வரைந்தது, எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கதையின் விதி என்ன? ராஜா வாயைத் திறந்தால் வேதாளம் முருங்கை மரத்துக்குத் திரும்பிவிடும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகிவிடும். அதாவது கதைக்குள் இருப்பவன் உம் கொட்டவே கூடாது. அவனுக்குப் பதிலாகத் தரையில் படுத்திருக்கும் தம்பி கத்துவான். வேதாளம் கேட்பது ராஜாவை; தலை வெடித்துவிடுமோ என்று தவிப்பது தம்பி. பல நூற்றாண்டுக்கு முன்னால் இந்தச் சட்டகத்தைக் கட்டியவர்கள் குழந்தைகளை மனதில் வைத்துக் கட்டவில்லை. ஆனால் குழந்தைகளுக்கு இதைவிடப் பொருத்தமாகக் கட்டியிருக்க முடியாது.

இனிப் படப் புத்தகங்கள்.

பெரும்பாலான படப் புத்தகங்கள் 32 பக்கம். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. அச்சகத்தில் பெரிய தாளை மடித்தால் ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம், இரண்டு ஃபாரம் போட்டால் 32. முன்பின் பக்கங்கள் போக, கதைக்குச் சுமார் ஒரு டஜன் திருப்பல்கள் கிடைக்கும். தேர்ந்த படைப்பாளி அந்த ஒவ்வொரு திருப்பலையும் ஓர் 'உம்' ஆக்கிக்கொள்கிறார். வலப்பக்கத்தின் கடைசி வரியில் கேள்வியை வைத்துவிட்டு, விடையைத் திருப்பினால்தான் தெரியும் இடத்தில் ஒளித்துவைக்கிறார். மூலை நையும் காரணம் புரிகிறதல்லவா? நம்மூர்ப் பதிப்புகளில் பலமுறை கேள்வி இடப்பக்கத்திலும் விடை அதற்கு எதிர்ப்பக்கத்திலும் அமைந்துவிடும். குழந்தையின் கண் முதலில் படத்துக்குத்தான் போகும்; நாம் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் அது விடையைப் பார்த்துவிட்டிருக்கும்.

எரிக் கார்லின் பசி அடங்காத கம்பளிப்பூச்சிக் கதை 1969-இல் வந்தது. காகித அடுக்கில் துளையிடும் கருவியால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோது, புத்தகத்தைத் தின்னும் புழு ஒன்றை நினைத்தாராம் கார்ல். புழுவுக்குப் பதில் கம்பளிப்பூச்சியாக்கலாமே என்றவர் அவருடைய பதிப்பாசிரியர் அன் பெனடூஸ். பூச்சியாக்கியதும் பட்டாம்பூச்சி முடிவு தானே வந்துவிட்டது. பக்கங்களை வெவ்வேறு அகலத்தில் வெட்டி ஓட்டை போட வேண்டிய இந்தப் புத்தகத்தை அமெரிக்காவில் கட்டுபடியாகும் விலையில் அச்சிட ஆள் கிடைக்காமல் ஜப்பானில் அச்சிட்டார்கள். திங்களுக்கு ஓர் ஆப்பிள், செவ்வாய்க்கு இரண்டு பேரிக்காய், புதனுக்கு மூன்று பிளம்ஸ், வியாழனுக்கு நான்கு ஸ்ட்ராபெரி, வெள்ளிக்கு ஐந்து ஆரஞ்சு. ஒவ்வொன்றிலும் பூச்சி துளைத்துப்போன ஓட்டை. படித்துக்காட்டும் நமக்கு அது நாள்களும் எண்களும் கற்பிக்கும் புத்தகம். குழந்தைக்கு அது விரல் விடும் புத்தகம். சுண்டுவிரலை ஓட்டையில் விட்டு மறுபக்கம் எடுக்கும்போது அந்தப் பிள்ளைதான் பூச்சி. பிளம்ஸ் பார்த்திராத பிள்ளைகள் அதைப் பெரிய நாவல்பழம் என்று தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். நான் திருத்தவில்லை. சனிக்கிழமை அது கேக், ஐஸ்கிரீம், ஊறுகாய் என்று பத்து வகை தின்று வயிற்றுவலியில் படுக்கும்போது, விருந்துக்குப் போய்வந்த பிள்ளைகள் எல்லாரும் தம் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

மாரிஸ் செண்டாக் 1963-இல் வெளியிட்ட புத்தகம் இன்னும் துணிச்சலானது. ஓநாய் உடுப்புப் போட்டுக்கொண்டு வீட்டைத் தலைகீழாக்கிய மேக்ஸ் என்ற பையனைச் சாப்பாடு இல்லாமல் படுக்க அனுப்புகிறாள் அம்மா. அவன் அறையில் காடு வளர்கிறது. கடல் தாண்டிப் பூதங்களின் நாட்டுக்குப் போய் ராஜாவாகிறான். முதலில் பக்கத்தின் நடுவே சிறிதாக இருக்கும் படம் அவன் கோபத்தோடு சேர்ந்து பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகிறது. பூதங்களோடு ஆட்டம் தொடங்கியதும் எழுத்தே நின்றுவிடுகிறது. அடுத்தடுத்து மூன்று விரிப்புகளில் படம் மட்டும்தான். படித்துக்காட்டும் பெரியவர் அந்த இடத்தில் வாயடைத்துப் போவார். முதல் தடவை எனக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை, பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. ஊளையிட்டார்கள், குதித்தார்கள், ஒருவர் முதுகில் ஒருவர் ஏறினார்கள். எழுத்தாளர் எழுதாமல் விட்ட ஆறு பக்கங்களை அவர்கள் சத்தத்தால் நிரப்பினார்கள். பையன் வீடு திரும்பும்போது சாப்பாடு மேசையில் காத்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் படமே இல்லை, சில சொற்கள் மட்டும். வந்த புதிதில் இது குழந்தைகளைப் பயமுறுத்தும் என்று கவலைப்பட்ட பெரியவர்கள் அங்கேயும் இருந்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் படப் புத்தகத்துக்கான கால்டெகாட் விருது அதற்குக் கிடைத்தது.

தமிழில் படித்துக்காட்டுவதில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் எழுதும் தமிழ் ஒன்று, பேசும் தமிழ் வேறு. நூலகத்தில் ஒரு தாய் மகனுக்குப் படித்துக்காட்டுவதை ஒரு நாள் பக்கத்தில் இருந்து கேட்டேன். 'நரி மெல்ல நடந்து குகையை அடைந்தது' என்று புத்தகத்தில் இருந்தது. அந்த அம்மா வாயிலிருந்து "நரி பைய நடந்து குகைகிட்ட வந்துச்சு" என்று வந்தது. கண் ஒரு தமிழில் ஓட, நாக்கு இன்னொரு தமிழில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வேலையைத் தமிழ்ப் பெற்றோர் அனைவரும் யாரும் கற்றுத்தராமலேயே செய்கிறார்கள். வாக்கியம் சிறிதாக இருந்தால் தடையின்றிச் செய்கிறார்கள். எச்சத்துக்குமேல் எச்சமாக அடுக்கி, வினைமுற்று நான்காவது வரியில் வரும் வாக்கியமானால் பாதியில் திக்குகிறார்கள். பிள்ளை எழுந்து போய்விடுகிறது.

அப்படியானால் பேச்சுத் தமிழிலேயே அச்சிட்டுவிடலாமே என்று கேட்கலாம். உரையாடல்களைத் தாராளமாக அப்படி அச்சிடலாம், அச்சிட வேண்டும். கதை முழுவதையும் என்றால் எனக்குத் தயக்கம் உண்டு. யாருடைய பேச்சு? கோவைப் பிள்ளைக்கு ஒன்று, நாகர்கோவில் பிள்ளைக்கு ஒன்று, யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு வேறொன்று. சென்னையில் அச்சான பேச்சு மற்றவர்களுக்கு எழுத்துத் தமிழைவிட அந்நியமாகிவிடும். எளிய எழுத்துத் தமிழில் சின்ன வாக்கியம் இருந்தால் ஒவ்வொரு தாயும் தன் ஊர்ப் பேச்சுக்கு அதை மாற்றிக்கொள்ள முடிகிறது. படிக்கிறவருக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டாமா? தவிர, சில பிள்ளைகளுக்குப் புத்தகத் தமிழே பிடிக்கும். 'ஐயோ, என் செய்வேன்!' என்று புலி புலம்பினால் நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிவார்கள்.

இந்தச் சிக்கலைப் பாட்டு முன்பே தீர்த்துவிட்டது. புதுக்கோட்டைப் பக்கம் இராயவரத்தில் 1922-இல் பிறந்து, இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய அழ. வள்ளியப்பாவைப் படியுங்கள். அவர் பாட்டில் எழுத்துத் தமிழ் எது, பேச்சுத் தமிழ் எது என்ற கேள்வியே எழாது. மாம்பழத்தைப் பற்றிய அவருடைய பாட்டில் அடிக்கு அடி ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்து விழும்; இரண்டாவது அடியிலேயே பிள்ளை அந்தச் சொல்லை நம்மிடமிருந்து பறித்துக்கொள்ளும். நாம் முன்பாதியைச் சொன்னால் போதும். முடிவில் பாட்டே பிள்ளைகளை ஓடிவந்து பங்குபோட்டுத் தின்னக் கூப்பிடுகிறது. இதில் நீதி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது, பகிர்ந்துண்ணல். எந்தக் குழந்தையும் அதை நீதி என்று அறிந்ததில்லை.

நீதியைப் பற்றி இரண்டே வார்த்தை. கதை முடிவில் கட்டம் கட்டி நீதி போடுவதை எதிர்த்து நிறையப் பேசியாகிவிட்டது. என் அனுபவத்தில் அதனால் பெரிய கெடுதி இல்லை. பதிப்புரிமைப் பக்கத்தைப் போலப் பிள்ளைகள் அதையும் தாண்டிப் போய்விடுகிறார்கள். கெடுதி எப்போது என்றால், அந்தக் கட்டத்துக்காகவே கதையை எழுதும்போது. அந்தக் கதையில் குழந்தை சேர்க்க ஒன்றும் இருக்காது. கிஜுபாய் பத்தேகா குஜராத்தியில் எழுதிய 'பகல் கனவு' தமிழிலும் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் அடங்காத வகுப்பைக் கதை சொல்லித்தான் அடக்குகிறார். என்ன நீதிக் கதை என்று தேடாதீர்கள். மறுநாளும் கேட்க வேண்டும்போல் இருந்த கதை, அவ்வளவுதான். ஆசிரியப் பயிற்சியில் இருப்பவர்கள் இங்கே இருந்தால் அதைக் கட்டாயம் படியுங்கள்.

கேட்கும் புத்தகமும் தானே படிக்கும் புத்தகமும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே புத்தகத்தால் சமாளிக்கப் பார்க்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளை 'வந்துகொண்டிருந்தான்' என்ற சொல்லைக் காதால் கேட்டால் ஒரு நொடி. எழுத்துக்கூட்டிப் படித்தால் பத்து எழுத்து. 'ன்'னுக்கு வந்து சேரும்போது 'வ' மறந்துபோயிருக்கும். நம் மொழியில் வினைச்சொல்தான் பிள்ளைக்கு மலை. அமெரிக்காவில் தொடக்கப்பள்ளி வாசிப்பு நூல்கள் சலிப்பூட்டுகின்றன என்று 1954-இல் ஜான் ஹெர்சி ஒரு பத்திரிகையில் எழுதியதைத் தொடர்ந்து, ஒரு பதிப்பாளர் குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸிடம் சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்து இதற்குள் எழுதிக் காட்டுங்கள் என்றார். 1957-இல் தொப்பி வைத்த பூனை வந்தது, 236 வெவ்வேறு சொற்களில். பிறகு ஐம்பதே சொற்களில் முடியுமா என்று இன்னொரு பதிப்பாளர் பந்தயம் கட்ட, 1960-இல் அதையும் செய்து காட்டினார். அந்த ஐம்பதில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் ஓரசைச் சொற்கள்.

தமிழில் இது முடியாது என்று பலரும் சொல்வார்கள். நன்னூல் ஓரெழுத்து ஒருமொழியே 42 என்று கணக்குச் சொல்கிறது. வா, போ, தா, வை, ஈ, பூ, தீ, கை, மை. எல்லாம் இன்று புழக்கத்தில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தமிழ் வினை ஏவலில் வரும்போது மிகச் சிறுத்துவிடுகிறது. 'ஓடிக்கொண்டிருந்தது' மலை, 'ஓடு' மடு. ஆகவே தொடக்க வாசகருக்கான தமிழ்க் கதை பெரும்பாலும் பேச்சாகவே, ஒருவரை ஒருவர் விரட்டுவதும் கூப்பிடுவதுமாகவே அமைய வேண்டும் என்பது என் துணிபு. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வகுத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவருக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருக்கிறது. நான்கும் ஏவல்கள், இரண்டு எழுத்துக்குமேல் எதுவுமில்லை. இந்த நூல்களை மையத் தைப்பில் மெல்லியதாகப் போட்டதும் நல்ல முடிவு. ஒரு பிள்ளை ஒரே மூச்சில் ஒரு புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டேன் என்று சொல்ல முடிகிறது. இந்தப் பெருமை தடித்த தொகுப்பில் கிடைக்காது.

புத்தகம் கிடைப்பது முன்புபோல் கடினமில்லை. இன்னொரு சங்கர், கேலிச்சித்திரக்காரர், 1957-இல் டெல்லியில் தொடங்கிய குழந்தைகள் புத்தக அறக்கட்டளையும், நேஷனல் புக் டிரஸ்டும் மலிவு விலைக்கு வழி காட்டின. நியூ செஞ்சுரி புத்தக நிலையம் விற்ற சோவியத் படப் புத்தகங்களுக்காக ஏங்குபவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறீர்கள். அந்தத் தாளும் வண்ணமும் அந்த விலைக்கு இனி வராது, ஏக்கத்தை விட்டுவிடலாம். சென்னையில் துலிகா 1996 முதல் பல இந்திய மொழிகளில் படப் புத்தகம் போடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் ஸ்டோரிவீவர் தளத்தைத் திறந்து, யாரும் இலவசமாகப் படிக்கவும் மொழிபெயர்க்கவும் அச்சிடவும் விட்டுவிட்டது. மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அனுப்புவதற்கு முன்னால் ஒரு குழந்தைக்கு அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எங்கே திக்குகிறீர்களோ அந்த வாக்கியத்தை மாற்றுங்கள். பதிப்பாளர்களுக்கும் ஒன்று: ஓவியர் பெயரை அட்டையில் போடுங்கள். மூன்று வயது வாசகருக்கு அவர்தான் ஆசிரியர்.

பிள்ளை தானே படிக்கத் தொடங்கியதும் படித்துக்காட்டுவதை நிறுத்திவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. "இனிமே நீயே படிச்சுக்கோ." அதுவரை மடியில் உட்கார வைத்தவர்கள் அன்றோடு இறக்கிவிடுகிறார்கள். காது கண்ணைவிடப் பல ஆண்டு முன்னே போய்க்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கண் பத்து வரியில் களைக்கும். அதே பிள்ளையின் காது வாண்டுமாமாவின் நீண்ட கதையை வாரம் முழுக்கத் தொடர்ந்து கேட்கும். எட்டு வயதிலும் படித்துக்காட்டலாம், பத்து வயதிலும் காட்டலாம். போதும் என்று அவர்களே சொல்வார்கள்.

எழுத்துத் தெரியாத தாய்மார்கள் என்னிடம் வந்து, "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா, இவளுக்கு எந்தப் புத்தகம் எடுத்துட்டுப் போறது?" என்று கூச்சத்தோடு கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்தே இல்லாத படப் புத்தகம் கொடுப்பேன். ஒரு தாய் திருப்பித் தர வந்தபோது மகள் என்னிடம் அதன் கதையைச் சொன்னாள். படத்தில் இருந்தது ஒரு நாயும் ஒரு குடையும். அவள் சொன்ன கதையில் அம்மாவின் ஊர் ஆறும், அதில் வெள்ளம் வந்த வருஷமும், அக்கரையில் மாட்டிக்கொண்ட தாத்தாவும் இருந்தார்கள். புத்தகத்தை இன்னும் இரண்டு வாரத்துக்கு நீட்டித்துக் கொடுத்தேன்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதலில் பின்வரிசையில் அம்மா மடியில் நெளிந்துகொண்டிருக்கும் இளம் வாசகர்கள் கேட்கட்டும்.